நீர்வேலியில் திறபடாத மூடி

பயணம் போய் வந்தவர்கள் கோயில் பார்த்தோம், கடல் பார்த்தோம், சொந்தங்களைப் பார்த்தோம் என்று எழுதுவார்கள். நான் பார்த்தது ஒரு போத்தல் மூடி. யாழ்ப்பாணம் வரைக்கும் போய் அதோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருக்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்கு முதல் எழுதிவிட வேண்டும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு மட்டும்தான். எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்தட்டும், விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

போன காரணம் என் தங்கை பரமு. புருஷன் போனபிறகு நீர்வேலியில் தனியாக இருக்கிறாள். அவளுடைய ஒரே மகன் குகன் நோர்வேயில், நான் இருக்கும் அதே ஊரில் இருக்கிறான். ஒரு நாள் பின்னேரம் வந்து கதிரையில் இருந்தான், சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"பெரியம்மா, அம்மா சுடுதண்ணிக் கேத்திலோடை விழுந்திட்டா. கால் அவிஞ்சு போச்சு. கேட்டால் கால் தடக்கினது எண்டுறா. எனக்கெண்டால் அவவின்ரை மூளை முந்தின மாதிரி இல்லை எண்டு படுது. நீங்கள் ஒருக்கால் போய்ப் பாருங்கோ. தனிய இருக்க ஏலாதெண்டால் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. முதியோர் இல்லம் ஒண்டிலை கதைச்சு வைச்சிருக்கிறன்."

கதைத்து வைத்திருக்கிறானாம். கதைத்து முடித்தவனுக்கு என் சொல்லு எதற்கு? நாளைக்கு ஊர் கேட்டால், பெரியம்மாதான் சொன்னவ என்று கையைக் காட்ட ஒரு ஆள் வேண்டும். அது விளங்கியும் நான் போனேன். போகாவிட்டால் வேறு யாரையாவது அனுப்பியிருப்பான். புறப்படும்போது ஒரு குளிசைப் போத்தலையும் கையில் தந்தான். "அம்மாவின்ரை எலும்புக்கு. நல்ல மருந்து. அங்கத்தை மருந்து ஒண்டும் வேண்டாமெண்டு சொல்லியிருக்கிறன்." கைப்பையில் போட்டேன். அந்தப் போத்தல்தான் இந்தக் கதை.

நான் போய் இறங்கிய அன்று பரமு வாசல் படலையடிக்கு வந்து நின்றாள். இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். கட்டிப்பிடிக்கும்போதும் முழங்கையால்தான் பிடித்தாள். அப்போதே என் மனதில் ஒரு முள்ளுக் குத்தியது. பசி கூடுதலாக இருந்தபடியால் அதைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாடு வந்தது. புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, மிளகாய்ப்பொரியல். நல்ல சாப்பாடு. ஆனால் புட்டு குழல் புட்டு. பரமு பிறந்த நாள் முதல் ஓலையால் பின்னிய நீத்துப்பெட்டியில் அவித்த புட்டைத்தான் தின்றவள், குழலில் அவித்ததைத் தொடமாட்டாள். கறியில் கடைக்காரரின் பெருஞ்சீரக மணம் மூக்கில் ஏறியது.

"ஆர் சமைச்சது?"

"நான்தான். வேறை ஆர்?"

"எப்ப இருந்து குழலிலை அவிக்கிறனி?"

"உனக்குச் சாப்பாட்டைவிட விசாரணைதான் பெரிசு, அக்கா. நோர்வேயிலை உனக்கு இதைவிட என்னத்தைக் குடுத்தவங்கள்? பாணும் பச்சைமீனும்தானே."

அதுவும் உண்மைதான். ஆனால் குசினிக் கதவை அவள் சாத்தியே வைத்திருந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்றாலும் முந்திக்கொண்டு தானே போய், பேணியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் காலமை அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் குசினிக்குள் புகுந்தேன். தங்கையின் குசினிக்குள் போக எனக்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாயின் பிடியில் ஒரு கயிறு கட்டி இருந்தது. இழுத்தால் திறக்கும், மற்றப் பக்கம் இழுத்தால் பூட்டும். காஸ் அடுப்பின் திருகில் ஒரு அகப்பைக் காம்பைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தாள். தட்டில் வெறும் போத்தல்கள் வரிசையாக நின்றன, எல்லாம் குகன் அனுப்பினவை. அவற்றின் பக்கத்தில் மூடி இல்லாத ஒரு பால்மாப் பேணி. எட்டிப் பார்த்தேன். பிரசர் குளிசை, சீனி வருத்தக் குளிசை, எலும்புக் குளிசை எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அரைவாசி வெள்ளை, அரைவாசி வெள்ளையைப் போல. மேலே எறும்பு.

பரமு திரும்பி வந்தபோது நான் அந்தப் பேணியை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தேன்.

"உதென்ன?"

அவள் திருநீற்றைக்கூடத் தரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கேக்கிறனெல்லே, உதென்ன பரமு?"

"மூடி திறக்க ஏலாதக்கா." சேலைத் தலைப்பிலிருந்து கையை வெளியே எடுத்தாள். விரல் முட்டு ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு வீங்கி, பெருவிரல் உள்ளே மடிந்து கிடந்தது. "உது சும்மா திருப்புற மூடி இல்லை. அமத்திக்கொண்டு திருப்ப வேணும். சின்னப் பிள்ளையள் திறக்கக்கூடாதெண்டு அப்பிடிச் செய்தவங்களாம். பின்வீட்டுப் பெடியன் ஒருநாள் வந்தவன், எல்லாத்தையும் ஒரேயடியாத் திறப்பிச்சு இதுக்குள்ளை கொட்டிப்போட்டன்."

"எது எதெண்டு எப்பிடித் தெரியும்?"

"நிறத்தைப் பாத்து."

"எல்லாம் வெள்ளையெடி!"

"அண்டைக்கு மாறிப்போச்சுத்தான்" என்றாள். சீனிக் குளிசையை இரட்டிப்பாக விழுங்கிவிட்டாள். வெறும் வயிறு. தலை சுற்றியது, கையில் கேத்தில். மிச்சம் எனக்குத் தெரியும். "தம்பி குகனுக்குச் சொல்லிப்போடாதை, அக்கா. மருந்து மாறிக் குடிச்சவ எண்டு தெரிஞ்சால் அடுத்த கிழமையே என்னை இல்லத்திலை விட்டிடுவான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பேணியைக் கிணற்றில் எறிந்திருப்பேன், தண்ணீர் வீணாகிவிடுமே என்றுதான் எறியவில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் குளிசையைக் கடதாசி உறையில் போட்டு, காலமை ஒன்று, இரவு ஒன்று என்று சொல்லித் தருவார்கள். அந்த உறையைப் பல்லால் கிழிக்கலாம். அது வேண்டாமென்று நல்ல மருந்து அனுப்பினவன், தாயின் கை எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டானா? ஒவ்வொரு ஞாயிறும் போனில் முகம் பார்த்துக்கொண்டு கதைக்கிறார்கள். முகம் தெரியும், கை தெரியாது. மூளை பழுதாம்! பிள்ளைகளுக்குப் பூட்டிய மூடி கிழவிக்கும் பூட்டிக் கிடக்கிறது, பழி கிழவியின் மூளைக்கு.

அன்று பின்னேரம் இன்னொரு கூத்து. விறாந்தையில் நாலைந்து பெண்கள் பாயில் வந்து இருந்தார்கள், எல்லாம் எங்கள் வயதுக்காரிகள். நடுவில் கதிரை போட்டு நவமணி ரீச்சர். முந்தி ஊருக்கே கணக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்தவ. நீர்வேலியில் ஒரு பிள்ளையையும் பெயில் விடவில்லை என்பது அவவுடைய பெருமை.

"பனை!" என்றா ரீச்சர்.

"பனை, செம்பு, ஞாயிறு, பூனை, சிவப்பு" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். தேவாரம் பாடுகிற மாதிரித்தான்.

"உதென்ன பூசை?" என்று பரமுவைக் கேட்டேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸ் ஆட்கள், பல்கலைக்கழகக்காரர், வயது போனவர்களை அளக்கிறார்களாம். கைப் பலம், கண், காது, ஞாபகம் எல்லாம். எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. நாளைக்கு நீர்வேலிக்காரரின் முறை. "அச்சுவேலி ஆக்கள் முதலே போட்டு வந்திட்டினம்" என்றா நவமணி ரீச்சர். "அவையளிட்டை இருந்து கேள்வியளை எடுத்துப்போட்டன். ஐஞ்சு சொல்லுத் தருவினமாம், பேந்து திருப்பிக் கேப்பினமாம். கண் பாக்கிற அட்டையிலை வட்டத்தின்ரை ஓட்டை எந்தப் பக்கமெண்டு சொல்ல வேணும். மேலை, வலம், வலம், கீழை, இடம். இதைப் பாடமாக்கினால் கண்ணாடியும் தேவையில்லை."

"ரீச்சர், கண் தெரியுதோ எண்டு பாக்கத்தானே அட்டை? பாடமாக்கினால் என்னெண்டு தெரியும்?"

"பரமு, உங்கடை அக்கா சோதினை ஒண்டும் எடுத்துப் பழக்கமில்லையோ?" என்று அவ சிரித்தா. எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் வகுப்புக்காரி என்று ஊருக்கே தெரியும். எனக்குக் காது சூடாகியது.

மறுநாள் பஸ். நோர்வேயில் வயது போனவர் நின்றால் பஸ் தன் பக்கத்தைச் சரித்துக் குனிந்து தரும். இங்கே மினிபஸ்ஸின் முதல் படி என் முழங்கால் உயரம். கொண்டக்டர் பெடியன் என் புயத்தைப் பிடித்து, "கெதியா ஏறுங்கோ ஆச்சி, கெதியா!" என்று வாழைக்குலையை இழுக்கிற மாதிரி உள்ளே இழுத்தான். இழுத்த கையோடு பெல்லையும் அடித்துவிட்டான். பஸ் வெளிக்கிட்டது. திரும்பிப் பார்த்தால் பரமு இன்னும் றோட்டில். கம்பியைப் பிடிக்கக் கையைக் கொடுத்தவள், விரல் மடியாமல் கை வழுகி, ஒரு செருப்பைப் படியில் விட்டுவிட்டு நிற்கிறாள்.

"நிப்பாட்டடா!" என்று கத்தினேன். பஸ் நிற்கவில்லை. கையிலிருந்த குடையால் கூரையை இடித்தேன். வாழைக்குலைச் சந்தையடியில்தான் நின்றது.

"ஆச்சி, ஏறேலாத ஆக்கள் ஓட்டோவிலை வாறதுதானே" என்றான் கொண்டக்டர்.

"ஆர் ஏறேலாத ஆள்? உன்ரை படிதான் இறங்கேலாத படி. கொம்மாவை இதிலை ஏத்திப் பாத்தனியே?"

"அம்மா இதிலை வரமாட்டா, ஓட்டோவிலைதான் போவா" என்று அவன் ஒளிக்காமல் சொல்லிவிட்டான். பஸ் முழுக்கச் சிரித்தது. பின்னால் இருந்த ஒரு மனிசன், "அப்ப சரியான ஆளிட்டைத்தான் கேட்டிருக்கிறியள்" என்றார். பரமு ஒற்றைச் செருப்போடு நடந்து வந்து ஏறும் வரைக்கும் நான் படியில் குறுக்கே நின்றேன். நடுவழியில் அவள் என் காதுக்குள் சொன்னாள்.

"இண்டைக்கு நான் பாஸ் பண்ணவேணும், அக்கா. உவையள் எழுதுறது எல்லாம் பிள்ளையளுக்குப் போகுமாம். நவமணி ரீச்சர் சொன்னவ. பெயிலெண்டால் தம்பி அதை வைச்சே என்னைக் கொண்டுபோய் விட்டிடுவான். கொஞ்ச நாளா ஈரத்துணி பிழிஞ்சு பழகுறன்."

ஈரத்துணி! அந்த விரல்களால்! நான் யன்னல் பக்கம் திரும்பி மரவள்ளித் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம்தான் உலகத்திலேயே பொல்லாத கோபம்.

திருநெல்வேலியில் சந்தைக்குப் பின்பக்கம் ஒரு மண்டபம். வாசலில் எங்களை வரவேற்றது மதுரா என்ற பிள்ளை. மானிப்பாய்ப் பக்கம். கம்பஸில் படிப்பிக்கிறாளாம். வடிவாகக் கதைத்தாள். என்னையும் பார்த்து, "அன்ரி, நீங்களும் இருங்கோவன், உங்களையும் அளப்பம்" என்றாள். ஆச்சி என்று சொல்லாதபடியால் சரி என்றேன்.

முதலில் என்னைத்தான் இருத்தினார்கள். ஒரு இரும்புப் பிடியை அமத்தச் சொன்னார்கள். நான் நோர்வேயின் வடக்கே மீன் பக்டரியில் குளிரில் நின்று மீன் வெட்டியவள். அமத்தினேன். பலம் காட்டுகிற முள்ளு ஓடியது. "அம்மாடி!" என்றாள் பிள்ளை. அதற்கு மேலே எல்லாம் வில்லங்கம். கதிரையில் இருந்து எழும்பச் சொன்னார்கள். கதிரையில் இருந்து யார்தான் எழும்ப மாட்டார்? நிலத்தில் இருந்து அருவாளில் காய் வெட்டிவிட்டு எழும்புகிறதை ஏன் அளக்கவில்லை என்றேன். "அது இந்த அளவையிலை இல்லை அன்ரி" என்றாள். அளவையில் இல்லாதது வாழ்க்கையிலும் இல்லையாக்கும்.

பிறகு ஒரு கோப்பையில் தண்ணீர் நிரப்பி, "இதை இடக்கையாலை எடுத்து எனக்குத் தாங்கோ" என்றாள்.

"இடக்கையாலையோ?"

"ஓம், இடக்கைதான்."

"பிள்ளை, நீ மானிப்பாய் எண்டெல்லே சொன்னனி. கொம்மா உனக்கு இடக்கையாலையோ சோறு போட்டவ? தண்ணி கேட்டு வந்த நாய்க்கும் நான் இடக்கையாலை குடுக்கமாட்டன்."

அவள் முகம் சிவந்தது. "நீங்கள் மட்டுமில்லை அன்ரி. அச்சுவேலியிலை ஒருத்தரும் செய்யேல்லை. இடக்கை பலமில்லை எண்டுதான் எல்லாருக்கும் எழுதி வைச்சிருக்கிறம்."

"எழுதி வைச்சிருக்கிறியளோ! ஊரிலை உள்ள பொம்பிளையள் எல்லாம் ஒற்றைக் கையள் எண்டோ?"

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பிழைதான் அன்ரி. வெளியிலை செய்த அளவையை அப்பிடியே கொண்டுவந்திட்டம்." கோப்பையைத் தன் கையில் தரவேண்டாம், மேசையில் வைக்கச் சொன்னாள். இடக்கையால் எடுத்து வைத்தேன். அதற்கு மட்டும் அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்தது.

அடுத்தது பரமு. "அன்ரி, நான் ஐஞ்சு சொல்லுச் சொல்லுவன், ஞாபகம் வையுங்கோ" என்று மதுரா வாயைத் திறந்தாள். அவள் முதல் சொல்லைச் சொல்லமுதல் பரமு, "பனை, செம்பு, ஞாயிறு, பூனை, சிவப்பு" என்று முடித்துவிட்டாள்.

மதுரா கடதாசியைப் பார்த்தாள், பரமுவைப் பார்த்தாள். "நான் இன்னும் சொல்லேல்லையே, அன்ரி."

"சொல்லாவிட்டால் என்ன, எனக்குத் தெரியும்தானே."

வரிசையில் இருந்த நவமணி ரீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டா. "கேட்ட பிறகு சொல்லு எண்டெல்லே படிச்சுப் படிச்சுச் சொன்னனான்!"

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்க முதலே பரமுவுக்கு முன்னால் மூடி பூட்டிய ஒரு ஏனத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். மூடியைத் திருப்பினால் எவ்வளவு பலம் என்று உள்ளே இருக்கிற பொறி காட்டும். பரமு இரண்டு கையையும் சேலைக்குள் இருந்து எடுத்தாள். மூடியில் வைத்தாள். திருப்பினாள். உதடு வெளிறியது. கழுத்து நரம்பு புடைத்தது. மூக்குநுனியில் வேர்வை. இலக்கம் ஏறிக்கொண்டே போனது.

"நோகுதோ அன்ரி? நோகத் தொடங்கினால் விட்டிடுங்கோ."

"நோகேல்லை."

"உண்மையா?"

"ஒரு சொட்டும் நோகேல்லைப் பிள்ளை."

மதுரா எழுதினாள். நான் எழும்பிப் போய் அவளுடைய தோளுக்கு மேலால் பார்த்தேன். இலக்கம் எனக்கு வாசிக்கத் தெரியும். பெரிய இலக்கம்.

"பிள்ளை, இதைக் கொண்டுபோய் என்ன செய்யப்போறியள்? பிள்ளையளுக்கு அனுப்புவியளோ?"

"ஐயோ, இல்லை அன்ரி. பேர்கூட எழுதிறேல்லை. சாமான் செய்யிற ஆக்களுக்குக் குடுப்பம். மருந்துப் போத்தல் மூடி, காஸ் அடுப்பின்ரை திருகு, தண்ணிக் குழாய். வயசு போன ஆக்களின்ரை கைக்குத் திறபடுற மாதிரிச் செய்ய. எவ்வளவு பலம் எண்டு நாங்கள் பாக்கேல்லை. நோகாமல் எவ்வளவு ஏலும் எண்டுதான் பாக்கிறம். அதுக்கு மேலை இறுக்கமா மூடி செய்யக்கூடாது."

"அப்ப உவள் பல்லைக் கடிச்சுக்கொண்டு திருப்பினது?"

"அதுவும் போகும். அன்ரி நோகேல்லை எண்டுதானே சொன்னா."

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இவள் காட்டிய பலத்துக்கு நாளைக்கு ஒருத்தன் மூடி செய்வான். அந்த மூடியை இவளே திறக்க மாட்டாள். ஒருத்தி இல்லை, ரியூசன் எடுத்து வந்த அத்தனை பேரும்! தங்கள் கையைத் தாங்களே பொய் சொல்லி விற்றுவிட்டு, சோதினை பாஸ் என்று வீட்டுக்குப் போவார்கள்.

கைப்பையைத் திறந்தேன். குகன் தந்த போத்தலை எடுத்துப் பரமுவுக்கு முன்னால் மேசையில் அடித்து வைத்தேன்.

"திற."

"அக்கா, சும்மா இரு."

"நோகேல்லைத்தானே? திற பாப்பம்."

"எல்லாருக்கும் முன்னாலை என்னை வெக்கப்படுத்தத்தானே நோர்வேயிலை இருந்து வந்தனி?"

"ஓம். அதுக்குத்தான் வந்தனான். திற!"

பரமு என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். போத்தலை எடுத்தாள். அமத்தினாள். திருப்பினாள். கறகற என்று மூடி சும்மா சுற்றியது. திரும்பவும் அமத்தினாள். கை வழுகி, போத்தல் உருண்டு நவமணி ரீச்சரின் காலடிக்குப் போனது.

"தா இஞ்சை, இதென்ன பெரிய வித்தையே" என்று ரீச்சர் எடுத்தா. கண்ணாடியை ஏற்றிவிட்டு அமத்தினா. கறகற. சேலைத் தலைப்பால் பிடித்து அமத்தினா. கறகற. பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தா. அவள் அதற்குப் பக்கத்தில். ஒருத்தி பல்லில் வைத்தாள். "எடியே, பல்லு செட் கழரப்போகுது!" என்று மற்றவள் பறித்தாள். மண்டபத்தைச் சுற்றிவந்து போத்தல் கடைசியில் என் கைக்கு வந்தது.

நான் பயப்படவில்லை. முள்ளு ஓடவிட்ட கை இது. அமத்தினேன். மீன் வெட்டித் தேய்ந்த பெருவிரலில் சுள்ளென்று ஒரு குத்து. திருப்பினேன். கறகற.

"நோர்வேக் கையும் பெயில்!" என்று யாரோ கத்தினார்கள். முதலில் சிரித்தது பரமு. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர, அப்படி ஒரு சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மண்டபம் நிறையப் பெண்கள். பிள்ளை பெற்று, கிணற்றில் தண்ணீர் அள்ளி, தோட்டத்துக்கு இறைத்து வாழ்ந்த கைகள். ஒரு சின்னப் பிளாஸ்ரிக் மூடி எல்லோரையும் பெயில் என்று சொல்லிவிட்டு, கறகற என்று பகிடி பண்ணிக்கொண்டு இருக்கிறது.

மதுரா எழுதிய கடதாசியைக் குறுக்கே கோடு போட்டு வெட்டினாள். "அன்ரிமார், முதலிலை இருந்து தொடங்குவமே?" என்றாள். "சொல்லுகளையும் மாத்திறன். ரீச்சர், நீங்கள் கடைசியா வாங்கோ."

பரமு திரும்பவும் ஏனத்தில் கையை வைத்தாள். தொட்டுக் கொஞ்சம் திருப்பின உடனேயே நிறுத்தினாள். மதுரா கேட்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பரமு என்னைப் பார்த்தாள், பிறகு கூரையைப் பார்த்தாள்.

"நோகுது" என்றாள்.

அவளுடைய வாயிலிருந்து அந்தச் சொல்லு வர இவ்வளவு பாடு. மதுரா ஒரு சின்ன இலக்கம் எழுதினாள்.

"பெயிலோ பிள்ளை? பெயிலெண்டால் சொல்லு, தாங்குவன்."

"அன்ரி, சோதினை மூடிக்குத்தான். அது பெயில்."

வெளிக்கிட முதல் மதுரா ஒரு கையுறையைக் காட்டினாள். விரல் மடிய விடாமல் உள்ளே கம்பி வைத்துத் தைத்தது. சாமான் செய்கிற இளம் ஆட்களுக்கு அதைப் போட்டுவிடுவார்களாம், முடங்கின கை எப்படி இருக்கும் என்று தெரிய. "எனக்கு இதைத் தா" என்றேன். "ஒரு சோடிதான் இருக்குது அன்ரி. ஆனால் வீட்டிலையும் செய்யலாம். ஐஸ்பழக் குச்சியை விரலோடை வைச்சுப் பிளாஸ்ரரால் சுத்தினால் இதே மாதிரித்தான்." குச்சியும் ஒரு சுருள் பிளாஸ்ரரும் தந்தாள். கைப்பையில், போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சந்தைக்கு எதிர்க் கடையில் தோசையும் உளுந்து வடையும் சாப்பிட்டோம். சம்பல் நல்ல உறைப்பு. பிளேன்ரீ வந்தபோது பரமு அக்கம் பக்கம் பார்க்கவில்லை. கிளாசை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, கையை ஒளிக்காமல் குடித்தாள். "இனிமேல் ஒரு நாளும் என்னை அப்பிடிச் சபையிலை கேளாதை" என்றாள். சரி என்றேன். "ஆனால் கேட்டது நல்லது" என்றும் சொன்னாள், வடையைப் பார்த்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை குகன் கதைத்தான். நான் போனைக் கீழே பிடித்து, முதலில் தாயின் கையைக் காட்டினேன். பரமு தானே எல்லாவற்றையும் சொன்னாள், பேணி, குளிசை, கேத்தில்.

"பெரியம்மா, மூடியெண்டால் ஒரு விசயமே? அமத்திப்போட்டுத் திருப்பினால் சரி."

எனக்கு ஏறியது பாருங்கள்! "எட, உன்ரை கொம்மாவின்ரை மூளையிலை ஒரு பிழையும் இல்லை. கேள்வி கேக்க முதலே மறுமொழி சொல்லுற மூளை. இஞ்சத்தை ஆஸ்பத்திரிக் குளிசையைக் கடதாசி உறையிலை எடுத்துக் குடிக்கட்டும், நவமணி ரீச்சர் வந்து பிரிச்சு வைப்பா. தனிய இருக்க ஏலும். உனக்கு என்ரை சொல்லு வேணுமெண்டாய், இதுதான் என்ரை சொல்லு."

"சரி பெரியம்மா. இப்ப வேண்டாமெண்டு இல்லத்துக்குச் சொல்லுறன்."

இப்ப வேண்டாமாம். அந்த "இப்ப" இருக்கே, அதுதான் என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு கிடக்கிறது. பரமுவுக்கு அது கேட்கவில்லை. அவள் அன்றைக்கு நீத்துப்பெட்டியில் புட்டு அவித்தாள். நான் குழைத்தேன், அவள் அவித்தாள். குசினிக் கதவு திறந்தே கிடந்தது.

திரும்பும்போது விமான நிலையத்தில் என் கைப்பையைப் பிரித்தார்கள். சீருடை போட்ட ஒரு பெடியன் போத்தலை எடுத்து, ஐஸ்பழக் குச்சிகளை எடுத்து, பிளாஸ்ரரை எடுத்து மேசையில் அடுக்கினான். சிங்களத்தில் ஏதோ கேட்டான். பக்கத்தில் நின்ற பிள்ளை தமிழில் சொன்னாள்: "அம்மா, போத்தலைத் திறந்து காட்டட்டாம்."

"அவரையே திறக்கச் சொல்லு, பிள்ளை."

அவன் போத்தலைப் பார்க்கக்கூட இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு அமத்து, ஒரு திருப்பு. டக் என்று திறந்தது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மூடித் தந்தான். ஒரு மண்டபம் நிறைய இருந்த நீர்வேலிப் பெண்களுக்குத் திறக்காத மூடி. அந்தப் பெடியனில் எனக்குக் கோபம் வரவில்லை. இதைச் செய்தவர்கள் எங்கேயோ, எப்போதோ ஒரு கையை அளந்திருப்பார்கள். அது இவனைப் போல ஒருத்தனின் கை.

குச்சிகளைக் காட்டி மறுபடி கேட்டான். "இதெல்லாம் எதுக்கெண்டு கேக்கிறார், அம்மா" என்றாள் பிள்ளை.

"என்ரை தங்கச்சிக்கு ஒரு மகன் இருக்கிறான்" என்றேன். "அவனை அளக்க."

அவள் அதைச் சொன்னாள். அவன் சிரித்துவிட்டு, குச்சி ஒன்றும் விழாமல் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்தான்.